மகள் கறி வேண்டாம் என்கிறாள்: ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் பல்லடம் பக்கம். என் மாமனார் கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்க்கிறார், ஐயாயிரம் கோழிக் கொட்டகை. சித்திரையில் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டினோம். அந்தக் கிடாய்க்கு மாதக்கணக்கில் தழை ஒடித்துப் போட்டவள் என் 11 வயது மகள். அன்றிலிருந்து கறி, கோழி, மீன் எதையும் அவள் தொடுவதில்லை. "தாத்தா கோழியை அடைச்சு வெச்சு, கொல்லக் குடுக்கறாரு" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். கறி சாப்பிடுவதால் பூமி சூடாகிறது என்று பள்ளியிலும் சொன்னார்களாம். என் கணவர், "செடிக்கும்தான் உசிர் இருக்கு" என்கிறார். வயசுக்கு வரப்போகிற பிள்ளைக்குக் கறி இல்லாமல் ரத்தம் எப்படி ஊறும் என்று மாமியார் தினமும் கேட்கிறார். அவளை வற்புறுத்திச் சாப்பிட வைக்கலாமா? அவள் சொல்வது சரி என்றால், நாங்கள் செய்வது பாவமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர் மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரி, வற்புறுத்த வேண்டாம். குழம்பில் கறியை மறைத்துப் போட்டுக் கொடுப்பது, "ஒரு வாய் மட்டும்" என்று கெஞ்சுவது எதுவும் வேண்டாம். தான் வளர்த்த உயிரைத் தின்ன மாட்டேன் என்று ஒரு குழந்தை சொல்வது அடமும் அல்ல, நோயும் அல்ல. அவள் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறாள். அதை முதலில் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்கு வலி தெரியும், பயம் தெரியும். தழை போடும் கையையும் குரலையும் அது அடையாளம் கண்டுகொள்ளும். மந்தையிலிருந்து தனியாகப் பிரித்தாலே கத்தும், மூச்சு வேகமாகும். கால்நடை மருத்துவம் படித்த எவருக்கும் இதில் சந்தேகம் கிடையாது. பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் உணர்வுநிலைக்குத் தேவையான நரம்பு அமைப்பு இருக்கிறது என்று 2012-ல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள் அறிவித்தார்கள். ஆடு மேய்க்கிறவர்களுக்கு அந்த அறிவிப்பு தேவைப்பட்டிருக்காது.

உங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன். செடிக்கு உயிர் உண்டு. ஆனால் வலியை உணர நரம்பு வேண்டும், மூளை வேண்டும். செடிக்கு இரண்டும் இல்லை. சரி, செடியின் உயிரையும் கணக்கில் எடுப்போம் என்றால் கணக்கு அவருக்கு எதிராகத்தான் போகிறது. ஒரு கறிக்கோழி ஒரு கிலோ எடை போட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தீவனம் தின்கிறது. இறகும் குடலும் போகச் சுத்தம் செய்த கறிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. அதில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாவும்தான். நேரடியாகப் பருப்பு தின்கிறவர் அழிக்கும் செடிகள் குறைவு. இந்த வாதத்தை அவர் மகளிடம் மறுபடி சொல்ல வேண்டாம். அவள் பள்ளியில் கணக்கு படிக்கிறாள், சீக்கிரம் பதில் கண்டுபிடித்துவிடுவாள்.

பாவமா என்று கேட்கிறீர்கள். அதைத் தீர்மானிக்கிற இடத்தில் நான் இல்லை. எந்த உயிர் எங்கே எவ்வளவு துன்பப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் பேச முடியும். அப்படிப் பார்த்தால் நம் வீடுகளில் சைவம், அசைவம் என்று நாம் போட்டிருக்கும் கோடு துன்பத்தின் கோடு அல்ல. பூமிக்கு ஏறும் சுமையின் கோடும் அல்ல. உங்கள் கடிதத்தில் இருக்கும் கிடாயையும் கோழியையும் தனித்தனியாகப் பார்த்தால் இது புரியும்.

அந்தக் கிடாய் எங்கே வளர்ந்தது? உங்கள் பக்கம் என்றால் அநேகமாகக் கொறங்காட்டில். காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில் பக்கத்து மானாவாரி நிலத்தைக் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மேய்ச்சலுக்கே விட்டு வைத்த முறை அது. அந்த மண்ணில் வேறு வெள்ளாமை பெரிதாக எடுக்கவும் முடியாது. மனிதன் தின்னும் தானியத்தை அந்த ஆடு பறிக்கவில்லை. வெயில், மழை, புல், தன் இனத்தோடு நடை என்று ஆடாகவே வாழ்ந்தது. கடைசி நாள் மட்டும்தான் கொடியது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராகப் போய் ஆடு மேய்க்கிறவர்கள், மந்தையை நடத்திக்கொண்டு போய், அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் கிடை போடுகிறார்கள். அந்த வயலுக்கு ஆட்டுப் புழுக்கையே உரம். இப்படி வாழ்ந்த ஆட்டையும் கொட்டகையில் வளர்ந்த கோழியையும் "கறி" என்று ஒரே பேரில் அழைத்துவிட்டு நன்மை தீமை பேசினால் பேச்சு எங்கும் போய்ச் சேராது.

கோயிலில் ஆட்டின் மேல் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்க்கும்வரை காத்திருப்பீர்கள். காதில் நீர் பட்டால் ஆடு சிலிர்ப்பது உடம்பின் இயல்பு, சம்மதம் அல்ல. உங்கள் மகள் கேட்டால் அப்படியே சொல்லுங்கள். ஆனால் வெட்டுமுன் உத்தரவு கேட்க வேண்டும் என்று நம் முன்னோர் நினைத்தார்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு உயிரை எடுப்பது சாதாரணக் காரியம் அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த முறை அவளை அங்கே நிறுத்தாதீர்கள். ஒரு கிடாயை வெட்டுவதை இன்னொரு கிடாய் பார்க்க விடாதீர்கள். காலைக் கட்டி மணிக்கணக்கில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். வழிபாட்டுக்காக வெட்டுவதை 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை. அதனால் ஆட்டைத் துன்புறுத்தாமல் இருக்கும் பொறுப்பு முழுவதும் வெட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது.

இப்போது கோழி. இங்கே உங்கள் மகள் தொட்டிருப்பது பெரிய விஷயம், எனவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். அது பொய். போடத் தேவையே இல்லை, இனமே அப்படி உருவாக்கப்பட்டிருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு இனக் கோழியையும் 2005-ஆம் ஆண்டு இனக் கோழியையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழைய இனம் சுமார் 900 கிராம், புதிய இனம் 4,200 கிராம். உங்கள் மாமனார் கொட்டகையில் 40 நாளுக்குள் இரண்டு கிலோ தாண்டுகிறதே, அந்த எடையை ஒரு குஞ்சின் எலும்பும் இதயமும் தாங்க வேண்டியிருக்கிறது. கால் பிசகி உட்கார்ந்துவிடும் கோழி, வயிற்றில் நீர் கோத்துச் சாகும் கோழி, சித்திரை வெயிலில் கொத்தாக விழும் கோழி, இவையெல்லாம் அவருக்குத் தினமும் தெரிந்த காட்சிதான். அவர் கல்நெஞ்சக்காரர் என்பதால் நடப்பது அல்ல இது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், உழைப்பு மட்டும் அவருடையது. கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக் கூலி. எந்த இனம் வளர்ப்பது, எத்தனை நாளில் பிடிப்பது என்று முடிவெடுக்கிறவர் அவர் அல்ல. இதை உங்கள் மகளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். தாத்தாவைக் கொலைகாரர் என்று அவள் நினைத்துக்கொண்டு வளர்வது இரண்டு பேருக்கும் நல்லதல்ல.

அதன் பிறகு கடை. இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி பைக்கில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு போகிறோம். கழுத்தை அரைகுறையாக அறுத்து, டிரம்முக்குள் எறிந்து மூடியைப் போட்டு, உள்ளே அடித்துக்கொள்ளும் சத்தம் அடங்கும்வரை கல்லாவில் சில்லறை எண்ணுகிறோம். நாய்க்கு இதைச் செய்தால் ஊர் கூடும். கோழி ஒன்றுக்கு இது சில நிமிடத் துன்பம்தான். ஆனால் நாடு முழுக்க ஒவ்வொரு நாளும் எத்தனை கோழிகள்!

முட்டையைச் சைவத்தில் சேர்த்துவிட்ட வீடுகள் நிறைய. நாமக்கல் முறையில் கூண்டுக்குள் மூன்று நான்கு கோழிகள் இருக்கும். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் சுமார் 450 சதுர செண்டிமீட்டர், ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. இறக்கையை முழுதாக விரிக்காமல் ஓராண்டுக்கு மேல் அது முட்டையிடும். முட்டை இனத்தில் பொரியும் சேவல் குஞ்சுகள் யாருக்கும் தேவையில்லை, பெரும்பாலும் முதல் நாளே கொல்லப்படும். துன்பத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தால், உங்கள் குலதெய்வக் கிடாயைவிட இந்த முட்டைக்குத்தான் அது அதிகம் காட்டும் என்று நினைக்கிறேன்.

பூமி சூடாவது பற்றிப் பள்ளியில் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது முழுவதும் நமக்குப் பொருந்தாது. பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில், மனிதர்கள் வெளியேற்றுவதில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013-ல் கணக்கிட்டது. 2023-ல் அதைச் சுமார் 12 சதவீதம் என்று திருத்தியது. ஆடு மாடுகள் அசைபோட்டு ஏப்பம் விடும்போது மீத்தேன் வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 27 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கோழி அசைபோடாது. அதனால்தான் 2018-ல் 119 நாடுகளின் பண்ணைகளை அலசிய ஆய்வில், ஒரு கிலோ ஆட்டுக்கறியின் சுமை கோழிக்கறியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு என்று வந்தது. மாட்டுக்கறி அதைவிட மேலே. பருப்பு, பட்டாணி எல்லாவற்றுக்கும் கீழே.

பாருங்கள், எங்கே வந்து நிற்கிறோம். பூமியை நினைத்தால் ஆட்டை விட்டுக் கோழிக்குப் போ என்கிறது கணக்கு. உயிரை நினைத்தால் நேர்மாறு. ஒரு கிடாயில் பன்னிரண்டு கிலோ கறி கிடைக்கிறது என்றால், அதற்கு ஈடாக எட்டு ஒன்பது கறிக்கோழிகள் சாக வேண்டும். அதுவும் நன்றாக வாழ்ந்த ஒன்றுக்குப் பதில், வாழ்ந்ததே துன்பமாக இருந்த எட்டு ஒன்பது. இரண்டையும் ஒன்றாகத் தீர்க்கும் கறி எதுவும் கிடையாது. குறைவாகத் தின்பது ஒன்றுதான் இரண்டு கணக்கிலும் நேராக வருகிறது. ஆண்டுக்கு ஒரு மனிதர் தின்னும் இறைச்சி உலக சராசரியில் 40 கிலோவுக்கு மேல், அமெரிக்காவில் 100 கிலோவுக்கு மேல். இந்தியாவில் பத்துக்கும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி எடுக்கும் குடும்பத்தின் மேல் அமெரிக்கத் தட்டின் பழியைப் போடுவது அநியாயம். உங்கள் மகளிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். 2016-ஆம் ஆண்டுக்கு இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்கில், நாட்டின் மொத்த வெளியேற்றத்தில் வேளாண்மையின் பங்கு சுமார் 14 சதவீதம். அதில் பாதிக்கு மேல் கால்நடைகளின் செரிமானத்திலிருந்து வருகிறது. ஒரு ஆடு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கிலோ மீத்தேன் விடும். கறவை மாடோ எருமையோ அதைப் போலப் பல மடங்கு விடும். 2019 கணக்கெடுப்பில் நாட்டில் மாடுகளும் எருமைகளும் 30 கோடி. இவற்றைக் கறிக்காகவே வளர்ப்பவர்கள் குறைவு, பாலுக்காகத்தான் பெரும்பாலும் வளர்க்கிறார்கள். எனவே நம் நாட்டில் கால்நடை மீத்தேன் பெரும்பாலும் காபிக்கும் தயிருக்கும் நெய்க்கும் விடும் மூச்சு. கோழிக்கறியை விட்டுவிட்டு வாரம் இரண்டு நாள் பன்னீர் என்று மாறினால் பூமிக்கு லாபம் எதுவும் இல்லை. ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும். மேலே சொன்ன 2018 ஆய்வில் பாலாடைக்கட்டியின் சுமை கோழிக்கறியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

பசு பால் தர வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். பிறப்பதில் பாதி காளைக்கன்று. உழவுக்கு மாடு தேவைப்பட்ட காலத்தில் அதற்கு வேலை இருந்தது. ஜெர்சிக் கலப்புக் காளைக்கன்றுக்கு இன்று யாரிடமும் வேலை இல்லை. கறவை வற்றிய பசுவும் அப்படித்தான். பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும் மாடுகளில் பெரும்பகுதி கேரளத்துக்கு லாரி ஏறுவது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பால் குடிக்கிறவருக்கும் அந்த லாரியில் பங்கு இருக்கிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கறி வேண்டாம் என்ற முடிவு நம் ஊரில் சட்டென்று வேறொன்றாக மாறிவிடும். "சுத்த சைவம்" என்ற பெருமை வரும், அதன் பின்னால் அடுத்த வீட்டுச் சட்டியை மோந்து பார்க்கும் புத்தி வரும். மாட்டுக்கறி சாப்பிடுகிற தோழியோடு உட்காரமாட்டேன் என்று ஒரு நாள் சொன்னால், அது உயிர் மேல் வைத்த இரக்கம் அல்ல, சாதி. அந்த வீட்டில் அது மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதம். பால் குடித்துவிட்டு அந்தத் தட்டைப் பழிக்க நம் யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் மகள் தன் தட்டில் என்ன வைப்பது என்று முடிவு செய்யட்டும். மற்றவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்க மட்டும் விடாதீர்கள்.

மீனும் தின்பதில்லை என்கிறீர்கள், அதனால் சுருக்கமாக. இழுவைமடி வலையில் மீனோடு சேர்ந்து அள்ளப்படும் குஞ்சு குறுமான்களைச் சங்காயம் என்பார்கள். அதில் பெரும்பகுதி மீன்தூளாகிக் கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் போகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தை மதித்து, மற்ற மாதங்களில் கரையோரச் சிறு படகுக்காரர்களின் மத்தி, நெத்திலி வாங்குவது நீங்கள் செய்யக்கூடியது.

இனி மாமியாரின் கேள்வி. அவர் கவலை நியாயமானது, ஆனால் காரணம் வேறு. தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அசைவம் உண்பவர்கள். அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வாரத்தில் ஒரு நாள் கறி, அதிலும் பெண்களுக்குக் கடைசியில் மிஞ்சிய இரண்டு துண்டு. அது ரத்தம் ஊற வைக்காது. மற்ற ஆறு நாள் தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கிறவன், அதனால் மகளை ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் வைட்டமின் பி12-ம் பார்க்கச் சொல்லுங்கள். புரதம் பெரிய சிக்கல் அல்ல. அவள் வயதுப் பெண்குழந்தைக்கு நாளொன்றுக்கு 33 கிராம் அளவு போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம். பருப்பு, கொள்ளு, தட்டப்பயறு, சுண்டல், நிலக்கடலை என்று தினமும் இரண்டு வேளை இருந்தால் அது வந்துவிடும். வெறும் ரசச் சோறும் ஊறுகாயும் என்றால் வராது. இரும்புச்சத்துக்குக் கம்பு, கொள்ளு, கீரை. கறியிலிருக்கும் இரும்பு அளவுக்கு இவற்றிலிருப்பது உடம்பில் சேராது, ஆகவே எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ கூடவே இருக்கட்டும். சாப்பாட்டோடு டீ வேண்டாம். பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரையும் கொடுப்பார்கள். அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி12 மட்டும் செடியில் கிடையாது. பழைய சோற்றிலும் காளானிலும் கிடைக்கும் என்று சொல்வார்கள். அதை நம்பி வளரும் பிள்ளையை விட முடியாது. பாலும் முட்டையும் அவள் எடுத்துக்கொள்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தால் தினமும் இரண்டு டம்ளர் பாலோ மோரோ, கூடவே வீட்டில் திரியும் நாட்டுக்கோழியின் முட்டை ஒன்றும் இருக்கட்டும். அதையும் விட்டுவிட்டாள் என்றால் பி12 மாத்திரை கட்டாயம் வேண்டும், அளவை மருத்துவர் சொல்வார். பாலைப் பற்றி மேலே அவ்வளவு எழுதிவிட்டு இப்போது குடிக்கச் சொல்கிறேன். 11 வயதில் உடம்பு கேட்பதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், மீதியை அவள் பெரியவளானபின் முடிவு செய்துகொள்ளட்டும்.

நீங்கள் மற்றவர்கள் என்ன செய்வது? என் யோசனை: வாரக் கறிக்கோழியை மாதம் ஒருமுறைக்குக் கொண்டு வாருங்கள். மிச்சமாகும் பணத்தில் எப்போதாவது கொறங்காட்டு ஆட்டுக்கறி எடுங்கள். நாட்டுக்கோழி என்று கடையில் விற்பதில் பெரும்பகுதி கொட்டகையில் அடைத்து வளர்த்த கலப்பினம்தான், பேரை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், வளர்த்த இடத்தைக் கேளுங்கள். ஆட்டுக்கறி வாங்கும்போது உடலில் நகராட்சி முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகளின்படி, வெட்டுமுன் ஆட்டுக்கு 24 மணி நேர ஓய்வும் மருத்துவர் பரிசோதனையும் வேண்டும், ஒன்றை வெட்டுவதை இன்னொன்று பார்க்கக் கூடாது. சாலையோரம் மரத்தில் தொங்கும் ஆட்டுக்கு இதில் எதுவும் நடந்திருக்காது. கோழிக்கடையில் டிரம் வேண்டாம், கூம்புக் குழாயில் தலைகீழாக வைத்து முழுதாக அறுத்து ரத்தம் வடியவிடுங்கள் என்று சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மாற்றுவார். அந்தக் குழாய் பெரிய விலை இல்லை.

மாமனாரிடமும் பேசுங்கள். கம்பெனியின் இனத்தை அவரால் மாற்ற முடியாது, கொட்டகையை மாற்ற முடியும். வெயில் மாதங்களில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்ற நெருக்கம் வேண்டாம், குஞ்சு குறைத்து இறக்கச் சொல்லிக் கேட்கட்டும். தரையிலிருக்கும் நார்க்கழிவை அடிக்கடி கிளறிவிட்டு, ஈரமானதை அள்ளி மாற்றட்டும். குனிந்து கோழியின் உயரத்தில் முகத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கண் எரிந்தால் கோழிக்கு நாள் முழுக்க எரிகிறது. எழ முடியாமல் உட்கார்ந்துவிட்ட கோழியைப் பேட்ச் முடியும்வரை கிடக்க விடாமல், தினமும் காலையில் பார்த்து, தேறாது என்றால் துன்பமில்லாமல் முடித்துவிட வேண்டும். கொலிஸ்டின் என்ற, மனிதர்களுக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2019-லேயே அரசு தடை செய்துவிட்டது. பழைய டப்பா ஏதாவது மீதியிருந்தால் தண்ணீர்த் தொட்டியில் கலக்க வேண்டாம்.

காலை நேரத்தில் அவரோடு கொட்டகைக்குப் போகக் கேட்டால் உங்கள் மகளை விடுங்கள். கோழியின் காலைப் பார்த்து நொண்டுகிறதா என்று சொல்ல அவளுக்குக் கற்றுக் கொடுக்கலாம். கறி தின்னமாட்டேன் என்ற பிடிவாதத்தோடேயே அவள் அதைச் செய்யலாம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள், பி12 குறைவாக இருந்தால் தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.